சங்கர் நாக்: விருதுப் பட்டியலில் அடங்கியவையும் அடங்காதவையும்

கன்னட நடிகரும் இயக்குநருமான சங்கர் நாக் பெற்ற விருதுகளை ஒரு தாளில் எழுதத் தொடங்கினால் அரைப்பக்கம் நிரம்புவதற்குள் முடிந்துவிடும். நடிகராக ஒரு பன்னாட்டு விருது, இயக்குநராகச் சில மாநில விருதுகள், ஒரு தேசிய விருது ஆகியவையே அவரைப் பற்றிய பேச்சில் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. 1954 நவம்பர் 9ஆம் தேதி பிறந்த அவர், 1990 செப்டம்பர் 30ஆம் தேதி தாவணகெரேயை அடுத்த ஆனகோடு அருகே நடந்த சாலை விபத்தில் இறந்தபோது அவருக்கு வயது 35. நடிப்பு, திரைப்பட இயக்கம், நாடகம், தொலைக்காட்சித் தொடர், ஒலிப்பதிவுக் கூடம் என்று அவர் கைவைத்த துறைகள் எல்லாம் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதத்தில், பெங்களூரு முழுவதும் அவர் படத்துக்கு மாலை விழும் நாட்களில், அவர் வாங்கிய விருதுகள் என்று நீண்ட பட்டியல்கள் கைபேசிகளில் சுற்றத் தொடங்குகின்றன. அன்பின் மிகுதியால் சேர்க்கப்பட்டவை அவற்றில் பல. இந்த ஊரில் வாழும் தமிழர்களில் என் தலைமுறையினருக்கு அவர் ஏறக்குறைய வீட்டு மனிதர். ஆகவே உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த வேலைக்கு எந்த மரியாதை கிடைத்தது, எது விடுபட்டது, ஏன் விடுபட்டது என்று பார்ப்பது பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

முதல் மரியாதை முதல் படத்திலேயே வந்தது. மும்பையில் மராத்தி நாடகங்களில் ஈடுபட்டிருந்த இளைஞரைக் கிரிஷ் கார்னாட் தம்முடைய ‘ஒந்தானொந்து காலதல்லி’ படத்தில் நடிக்க வைத்தார். 1978இல் வெளிவந்த அந்தப் படம், சிற்றரசுகளின் பகைக்கு நடுவே கூலிக்கு வாள் சுழற்றும் ஒரு வீரனின் கதை. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் சாமுராய் படங்களுக்குக் கார்னாட் செலுத்திய வணக்கம் என்றே சொல்லலாம். அந்தப் படத்துக்குச் சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. 1979 ஜனவரியில் தில்லியில் நடைபெற்ற ஏழாவது இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில், கண்டுகலி என்னும் அந்த வீரனாக நடித்த சங்கர் நாகுக்குச் சிறந்த நடிகருக்கான வெள்ளி மயில் விருது வழங்கப்பட்டது.

இந்த விருதின் எடையைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும். பல நாடுகளின் படங்கள் போட்டியிட்ட விழா அது. தேர்வுக் குழுவினருக்குக் கன்னடம் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடிகரின் முந்தைய பெயரோ புகழோ எதுவும் துணைக்கு வரவும் இல்லை, ஏனெனில் அவருக்கு முந்தைய படமே இல்லை. உடலசைவு, கண், வாள் பிடிக்கும் தோரணை, களைப்பை முகத்தில் வைத்துக்கொண்டே வேடிக்கை பேசும் அந்த அலட்சியம் ஆகியவற்றை மட்டும் பார்த்துக் கொடுக்கப்பட்ட பரிசாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். இருபத்து நான்கு வயதில் இப்படி ஒரு விருது வந்துவிட்டால், அதன்பின் கலைப்படங்களின் பாதையில் மட்டுமே நடந்து, ஆண்டுக்கு ஒரு படம் நடித்து, விழாக்களுக்குப் போய்வந்து வாழ்ந்துவிடலாம். அப்படி வாழ்ந்தவர்கள் உண்டு. அதில் தவறும் இல்லை.

அவர் செய்தது வேறு. 1980இல் ‘ஆட்டோ ராஜா’ வந்தது. காக்கிச் சட்டை அணிந்து பாட்டும் சண்டையுமாக அவர் வலம் வந்த அந்தப் படம், தமிழில் அதே பெயரில் விஜயகாந்த் நடிக்க 1982இல் வெளிவந்ததை நம்மில் பலர் அறிவார்கள். வெள்ளி மயில் வாங்கியவர் கராத்தே சண்டைப் படங்களில் இறங்கிவிட்டார் என்று வருத்தப்பட்டவர்கள் அன்று இருந்திருப்பார்கள். அந்த வருத்தத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. வணிகப் படங்களில் ஓய்வின்றி நடித்த அதே ஆண்டுகளில்தான் அவர் தம் விருப்பப்படி படங்களை இயக்கினார், நாடகங்களை மேடையேற்றினார், பெங்களூருவிலேயே நவீன ஒலிப்பதிவுக் கூடத்தை நிறுவினார். கன்னடப் படங்களின் ஒலி வேலைகளுக்குப் பெரும்பாலும் சென்னைக்குப் போய்வர வேண்டியிருந்த காலம் அது. அந்தக் கூடத்தின் அருமை அந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் முழுமையாகத் தெரியும். இதற்கெல்லாம் விருது கொடுக்கும் பிரிவு எந்த ஊரிலும் இல்லை.

இயக்குநராக அவருடைய முதல் படமான ‘மிஞ்சின ஓட்ட’வும் 1980இல் வெளியானதுதான். வண்டிகளைத் திருடும் சிறு திருடர்கள், சிறை, சிறையிலிருந்து தப்பிக்கும் முயற்சி என்று செல்லும் கதையில், அண்ணன் அனந்த் நாக், தம்பி சங்கர் நாக், இவர்களுடன் மூத்த நடிகர் லோகநாத் மூவரும் நடித்தார்கள். 1979-80ஆம் ஆண்டுக்கான கர்நாடக மாநில விருதுகளில் முதல் சிறந்த படம் என்ற இடம் இதற்குக் கிடைத்தது; லோகநாத் சிறந்த துணை நடிகராகத் தேர்வு செய்யப்பட்டார். ஒரு நடிகர் முதன்முறையாக இயக்கும் படத்தில், தாமே நடித்தும்கூட, பரிசைத் தமக்குப் பக்கத்தில் நிற்கும் மூத்தவர் பெறும்படி காட்சிகளை அமைத்திருக்கிறார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. நாயக நடிகர்கள் இயக்கும் படங்களில் பெரும்பாலும் ஒளி ஒரே முகத்தின் மீதுதான் விழும்.

‘ஆக்ஸிடெண்ட்’ படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 32ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில், அதாவது 1984ஆம் ஆண்டுக்கான விருதுகளில், பிற சமூகப் பிரச்சினைகள் குறித்த சிறந்த படம் என்ற பரிசு இதற்குக் கிடைத்தது. அந்தப் பிரிவு தொடங்கப்பட்டதே அந்த ஆண்டில்தான். குடும்பநலம், தேசிய ஒருமைப்பாடு போன்ற தலைப்புகளுக்குத் தனித்தனி விருதுகள் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் எதிலும் அடங்காத, ஆனால் சமூகத்துக்கு வேண்டிய படங்களுக்காக ஏற்படுத்தப்பட்ட இடம் இது.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். நள்ளிரவில் போதையில் கார் ஓட்டும் செல்வந்த வீட்டு இளைஞன், நடைபாதையில் உறங்கிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளர்கள் மீது வண்டியை ஏற்றிவிடுகிறான். அவனுடைய தந்தை தேர்தலில் நிற்கும் அரசியல்வாதி. காவல்துறையும் செல்வாக்கும் சேர்ந்து வழக்கை மூடப் பார்க்கின்றன. ஒரு பத்திரிகையாளர் விடாமல் துரத்துகிறார். பத்திரிகையாளராகச் சங்கர் நாகும், அரசியல்வாதியாக அனந்த் நாகும் நடித்தார்கள். இசை இளையராஜா. நம் நகரங்களில் இதே செய்தியை, ஊரையும் பெயரையும் வண்டியின் விலையையும் மட்டும் மாற்றி, பத்திரிகைகள் இன்றுவரை எத்தனை முறை எழுதிவிட்டன என்பதை நினைத்தால், அந்தப் படத்துக்குச் சமூகப் பிரச்சினைக்கான விருது கொடுத்தது பொருத்தம்தான் என்று தோன்றும்.

ஆனாலும் எனக்கு அந்தப் பிரிவின் மீது ஒரு மனக்குறை உண்டு. சமூகப் பிரச்சினை என்ற பெயரில் ஒரு படத்தைப் பாராட்டும்போது, அதன் கருத்தைப் பாராட்டிவிட்டுக் கைத்திறனைப் பார்க்காமல் போய்விடுகிற வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. ‘ஆக்ஸிடெண்ட்’ நல்ல படமாக இருப்பதற்குக் காரணம் அது ஏழைகளின் பக்கம் நிற்பது மட்டுமன்று. இரவு நேரச் சாலையின் வெறுமை, விசாரணை சூடுபிடிக்கும் வேகம், அரசியல்வாதியை வெறும் கொடியவனாகக் காட்டாமல் மகனைக் காப்பாற்றத் துடிக்கும் தகப்பனாகவும் காட்டும் நிதானம் ஆகியவை எல்லாம் இயக்குநரின் கணக்கில் சேர வேண்டியவை. சொந்த அண்ணனை எதிரணியில் நிறுத்தி, அவருக்கு இணையான வலிமையைத் திரைக்கதையில் கொடுத்திருப்பதும் அப்படித்தான். சிறந்த இயக்கம் என்ற தலைப்பில் விவாதிக்க வேண்டிய படத்தை நல்ல கருத்துள்ள படம் என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். அந்தப் பிரிவும் இப்போது தனியாக இல்லை. 2024இல் அறிவிக்கப்பட்ட மாற்றங்களின்படி, தேசிய, சமூக, சுற்றுச்சூழல் விழுமியங்களை வளர்க்கும் படம் என்ற ஒரே தலைப்பின் கீழ் பல பழைய பிரிவுகள் ஒன்றாக்கப்பட்டுவிட்டன.

தமிழ் வாசகர்களில் பெரும்பாலோர் சங்கர் நாகை அறிந்திருப்பது இந்தப் படங்களால் அன்று, ‘மால்குடி டேஸ்’ தொடரால். சென்னையில் பிறந்து மைசூரில் வாழ்ந்த ஆர். கே. நாராயணின் கதைகள், அவருடைய தம்பி ஆர். கே. லட்சுமணின் கோட்டோவியங்கள், ‘ஏழாவது மனிதன்’ படத்தின் வழியாக நமக்குத் தெரிந்த எல். வைத்தியநாதனின் இசை, சிவமொக்கா மாவட்டத்து மலைச்சரிவில் மழை ஓயாத ஆகும்பே கிராமம், சுவாமிநாதனாக வந்த பெங்களூருச் சிறுவன் மஞ்சுநாத். 1986-87ஆம் ஆண்டுகளில் தூர்தர்ஷனில் இந்தித் தொடராக அது ஒளிபரப்பானது. இந்தி புரியாத தமிழ் வீடுகளிலும் அந்த முகப்பு இசை ஒலித்தவுடன் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூட்டம் சேர்ந்ததை என் வயதொத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுவாமியின் தந்தையாக நடித்தவர், சங்கர் நாகை முதன்முதலில் திரைக்குக் கொண்டுவந்த அதே கிரிஷ் கார்னாட். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் தம்மை இயக்கியவரை இப்போது சங்கர் நாக் இயக்கினார்.

இத்தனை கோடிக் கண்கள் பார்த்த இந்த வேலைக்கு, தொடர் என்ற வடிவத்தில், அன்றைய தேசிய விருது அமைப்பில் உட்காரச் சொல்ல ஒரு நாற்காலி இல்லை. தேசியத் திரைப்பட விருதுகளுக்கு ஒரு படம் தணிக்கைச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். அந்தந்த நாட்காட்டி ஆண்டில் சான்றிதழ் பெற்ற படங்களே அந்தந்த ஆண்டின் போட்டிக்கு வரும். வாரந்தோறும் வீட்டுக்குள் வந்துபோகும் தொடருக்கு அங்கே வழி கிடையாது. இதற்கு ஒரு சுவையான விதிவிலக்கு உண்டு. பிரிவினைக் கால வன்முறையைச் சொல்லும் கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’ தூர்தர்ஷனில் தொடராக வந்ததுதான். ஆனால் அது ஒரே நீண்ட படைப்பாகவும் இருந்ததால் 35ஆவது தேசிய விருதுகளில் தேசிய ஒருமைப்பாட்டுக்கான பரிசைப் பெற்றது, சுரேகா சிக்ரி சிறந்த துணை நடிகையானார். ‘மால்குடி டேஸ்’ தொடரிலும் சுவாமியின் கதை மட்டும் ‘சுவாமி’ என்ற படமாகி, அதே 35ஆவது விருதுகளில் மஞ்சுநாத்துக்குச் சிறந்த குழந்தை நடிகருக்கான பரிசைப் பெற்றுத் தந்தது; ஆனால் பெரும்பாலும் தனித்தனிச் சிறுகதைகளால் ஆன முழுத் தொடரையும் அப்படி ஒரே படமாக்கி அனுப்புவது எளிதன்று. பெரும்பாலும் ஒரே கதையை இழுத்துச் செல்லாமல், இருபது நிமிடத்தில் ஒரு மனிதரை அறிமுகப்படுத்தி, அவருடைய சங்கடத்தைச் சொல்லி, புன்னகையோடு விட்டுவிடும் அந்த வடிவமே அதன் பெருமை. அந்த வடிவத்துக்குத்தான் விதிகளில் இடமில்லாமல் போனது.

சங்கர் நாகுக்கு வெள்ளி மயில் கொடுத்த அதே இந்தியப் பன்னாட்டுத் திரைப்பட விழா, இணையத் தொடருக்கென்று ஒரு விருதை 2023இல், தன்னுடைய 54ஆவது விழாவில்தான் தொடங்கியது. முதல் பரிசைப் பெற்றது ‘பஞ்சாயத்’ தொடரின் இரண்டாம் பருவம். சிற்றூர், எளிய மனிதர்கள், குரலை உயர்த்தாத நகைச்சுவை. அந்தத் தொடரைப் பார்த்தபோது எனக்கு ஆகும்பே நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. சின்னத்திரைக்கெனத் தனி விருதுகள் வழங்கும் தமிழ்நாடு அரசை இந்த ஒரு விஷயத்தில் பாராட்டத்தான் வேண்டும், அந்த விருதுகள் பல ஆண்டுகளுக்குச் சேர்த்து ஒன்றாக அறிவிக்கப்படுவதை நாம் கேலி செய்தாலும்.

நடிப்பிலிருந்து இயக்கத்துக்கு வந்தவரை விருதுகள் அடி பிசகாமல் பின்தொடர்ந்த எடுத்துக்காட்டும் நம்மிடமே இருக்கிறது. ரேவதி ‘தேவர் மகன்’ படத்துக்காக 40ஆவது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகையானார். அவர் முதன்முதலில் இயக்கிய ‘மித்ர், மை ஃபிரெண்ட்’ 49ஆவது விருதுகளில் சிறந்த ஆங்கிலப் படமானது. அதில் நடித்த ஷோபனா சிறந்த நடிகையாகவும், பீனா பால் சிறந்த படத்தொகுப்பாளராகவும் தேர்வு பெற்றார்கள். பிறகு 59ஆவது விருதுகளில் அவருடைய குறும்படம் குடும்ப விழுமியங்கள் குறித்த கதைசாராப் படத்துக்கான பரிசை வாங்கியது. மலையாளத்தில் பல ஆண்டுகளாக நடித்துவந்த அவருக்கு ‘பூதகாலம்’ படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருது 2022இல்தான் அறிவிக்கப்பட்டது. நடிகை, இயக்குநர், மீண்டும் நடிகை என்று ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பரிசு நிற்கிறது. இதில் அவருடைய திறமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, நாற்பது ஆண்டுகள் தொடர்ந்து வேலை செய்யக் காலம் வாய்த்ததற்கும் ஓரளவு பங்கு உண்டு. சங்கர் நாகுக்கு வாய்க்காதது அதுதான். வாழ்நாள் சாதனைக்கான விருதுகள் எல்லாம் ஒருவர் அறுபதைக் கடந்த பிறகே நினைவுக்கு வருகின்றன. பத்ம விருதுகளோ இறந்தவர்களுக்கு அரிதாகவே வழங்கப்படுகின்றன.

அவருக்கு இறப்புக்குப் பின் வந்த மரியாதைகளை எந்த வரிசையில் வைப்பது என்று எனக்குத் தெளிவில்லை. மகாத்மா காந்தி சாலையில், ஊரார் பப்ளிக் யுடிலிட்டி கட்டடம் என்று அழைக்கும் அந்த உயரமான மாநகராட்சிக் கட்டடத்தில் இருந்த சிம்பொனி திரையரங்குக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. சிவமொக்கா மாவட்டத்தின் அரசாளு ரயில் நிலையம், தொடரில் மால்குடி ரயில் நிலையமாக நின்றதற்காகவே, 2020இல் மால்குடி அருங்காட்சியகம் ஒன்றைப் பெற்றது. ஆட்டோக்களின் பின்புறத்து ஓவியங்களும் ஒட்டுப்படங்களும் எந்த அரசாணையும் இல்லாமல் வந்தவை. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் தமிழ் பேசும் ஓட்டுநர்களின் வண்டிகளில் முன்கண்ணாடியில் ரஜினியும் பின்புறத்தில் சங்கரண்ணாவும் இருப்பதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். மொழிச் சண்டைகள் மூண்ட ஆண்டுகளையும் பார்த்த நகரம் இது. அப்போதும் அந்தப் படத்தை யாரும் கிழித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ‘ஆட்டோ ராஜா’வில் நடித்தது கலைக்கு இழைத்த துரோகம் என்று யாராவது இன்னும் நினைத்தால், அவர் மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்கு வெளியே அரை மணி நேரம் நின்று பார்க்கலாம்.

விருதுகள் குடும்பத்தைத் தேடி வரவும் தவறவில்லை. அவருடைய மனைவி அருந்ததி நாக் நாடகத்துக்காகச் சங்கீத நாடக அகாடமி விருதும், 2010இல் பத்மஸ்ரீயும், ‘பா’ படத்துக்காக 57ஆவது தேசிய விருதுகளில் சிறந்த துணை நடிகை பரிசும் பெற்றார். அனந்த் நாகுக்கு 2025இல் பத்மபூஷண் அறிவிக்கப்பட்டது. ஐம்பது ஆண்டு நடிப்புக்கு அது தாமதமாக வந்த மரியாதை என்று கன்னட நண்பர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அறிவிப்பு வந்த அன்று இங்கே பலர் தம்பியின் பெயரையும் சேர்த்தே பேசினார்கள்.

2004இல் ஜே. பி. நகரில் திறக்கப்பட்ட ரங்க சங்கராவை நான் இந்தப் பட்டியலில் தயக்கமின்றிச் சேர்ப்பேன். சங்கர் நாகின் பெயரைத் தாங்கி, அருந்ததி நாகின் முயற்சியாலும் பலரின் நன்கொடையாலும் எழுந்த நாடக அரங்கு அது. எல்லா மொழி நாடகங்களுக்கும் அங்கே கதவு திறந்திருக்கிறது, சீட்டின் விலையும் நடுத்தர வீடுகள் தாங்கக்கூடியதாகவே இருக்கிறது. நாடகம் தொடங்கிய பிறகு யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். கைபேசியை அணைத்துவிட வேண்டும். பெங்களூருப் போக்குவரத்தில் சிக்கித் தாமதமாக வந்து, வாசலில் நின்று வாதாடிப் பார்த்துவிட்டு, அங்கேயே உள்ள சிற்றுண்டிக் கடையில் காபி குடித்துத் திரும்பியவர்களை நான் அறிவேன். நாடகம் பார்க்கப் போகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்புவது நல்லது.